டேப்லெட்ல வரைஞ்ச படங்களை எப்படி பத்திரப்படுத்துறது?

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "ஐபேட்ல புரோகிரியேட்ங்கற ஆப்லதான் வரையுறேன். சில்வர் பீச், பாண்டிச்சேரி தெருன்னு வரைஞ்சு பிரின்ட் போட்டு விக்கவும் செய்றேன். இப்ப ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு வருது. எல்லா படத்தையும் வாட்ஸப்ல எனக்கே அனுப்பி வெச்சிருக்கேன், ஐபேட்ல இருக்கறத அழிச்சிடலாமா? நெய்வேலில அக்காவும் சாம்சங் டேப்ல வரையுறாங்க, அவங்களுக்கும் சேத்து சொல்லுங்க."

தயவுசெஞ்சு இப்போதைக்கு ஒண்ணையும் அழிக்காதீங்க. வாட்ஸப்ல போட்டோவா போனது உங்க படமே இல்ல, அதோட சின்ன நகல், அளவையும் குறைச்சு குவாலிட்டியையும் குறைச்சுதான் அனுப்பும், லேயர் (ஒண்ணுமேல ஒண்ணா தனித்தனியா வரையுற அடுக்கு) எல்லாம் ஒட்டி ஒண்ணாயிடும். நாளைக்கு ஒருத்தர் வந்து அதே படம் ஏ3 சைஸ்ல வேணும், வானத்த மட்டும் சாயங்கால கலருக்கு மாத்தி குடுங்கன்னா என்ன பண்ணுவீங்க? ஏ3 நல்லா பிரின்ட் ஆக 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) 4961க்கு 3508 பிக்சல் வேணும், வாட்ஸப் நகல்ல அது இருக்காது, வானம் தனி லேயராவும் இருக்காது. விக்கிறவங்களுக்கு லேயரோட இருக்குற ஒரிஜினல் ஃபைல்தான் சொத்து.

அதனால கேலரில செலக்ட் அமுக்கி ஒரு பத்து பத்து படமா டிக் பண்ணி, ஷேர் போயி, ஃபார்மட்ல புரோகிரியேட்னே தேர்ந்தெடுத்து ஃபைல்ஸ் ஆப்ல சேவ் பண்ணுங்க, இதுல லேயரும் இருக்கும் வரைஞ்சத வேகமா ஓட்டிக் காட்டுற டைம்லாப்ஸ் வீடியோவும் இருக்கும். முக்கியமான படங்களுக்கு மட்டும் கூடவே ஒரு பிஎஸ்டியும் (ஃபோட்டோஷாப் ஃபைல்) எடுத்து வைங்க, நாளைக்கு வேற ஆப்புக்கு மாறினாலும் திறக்கலாம். பிரின்ட் கடைக்கு லேயர் இல்லாத பிஎன்ஜி படம் போதும்.

ஐபேட்ல ஏற்கனவே இடம் இல்லைங்கறதால நேரா ஒரு எஸ்எஸ்டிக்கே (வெளிய சொருகுற டிரைவ்) அனுப்புறது நல்லது, யூஎஸ்பி-சி இருக்குற ஐபேட்னா கேபிள் சொருகினாலே ஃபைல்ஸ் ஆப்ல தெரியும், அந்த டிரைவ எக்ஸ்ஃபேட்ங்கற முறைல ஃபார்மட் பண்ணி வெச்சா விண்டோஸ் கம்ப்யூட்டர்லயும் திறக்கும். காப்பி ஓடி முடியறதுக்குள்ள கேபிள உருவிடாதீங்க, பாதில நின்ன ஃபைல் பாக்க முழுசா இருக்கற மாதிரியே இருக்கும், தொட்டாதான் திறக்காது. அதான் ஒவ்வொரு தடவையும் எஸ்எஸ்டில இருந்து ரெண்டு மூணு ஃபைல திரும்ப புரோகிரியேட்ல திறந்து லேயர் எல்லாம் வருதான்னு பாருங்க. அப்படி பாக்காத வரைக்கும் அதை பேக்கப்னே நான் ஒத்துக்க மாட்டேன்.

ஐக்ளவுட் ஆன்ல தானே இருக்குன்னு நெனைக்கலாம். இலவசம் 5 ஜிபிதான், அது நிரம்பினதும் பேக்கப் நின்னுடும், ஓடினாலும் அது ஐபேட் முழுசுக்குமான பேக்கப், ஒரே ஒரு படத்த மட்டும் அதுல இருந்து உருவி எடுக்க முடியாது. கூகுள் டிரைவ் 15 ஜிபி, ஆனா ஜிமெயிலும் போட்டோஸும் அதுலயே பங்கு கேக்கும். வித்த படம், ஆர்டர் படம் இதையாவது ஏதோ ஒரு கிளவுட்ல ஃபைலா ஏத்தி வைங்க.

இன்னொரு காப்பி ஊருக்கு வெளிய இருக்கணும். 2011 தானே புயல கடலூர்ல யாரும் மறந்திருக்க மாட்டாங்க, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்து ரெண்டு நாள்ல தென்பெண்ணை ஆத்து வெள்ளம் ஊருக்குள்ள வந்துச்சு. ஐபேடும் எஸ்எஸ்டியும் ஒரே பீரோவுல இருந்தா ரெண்டும் சேந்துதான் நனையும். ரெண்டாவது ஒரு டிரைவ் வாங்கி அக்கா வீட்டுல வைங்க, போறப்ப வர்றப்ப புதுசா வரைஞ்சத சேத்துட்டு வாங்க.

பேர் வெக்கிறத மட்டும் தள்ளிப் போடாதீங்க. கேலரி முழுக்க "அன்டைட்டில்டு ஆர்ட்வொர்க்"னு இருந்தா எக்ஸ்போர்ட் பண்ணப்புறம் எது எதுன்னே தெரியாது. படத்துக்கு கீழ இருக்குற பேர தொட்டா மாத்தலாம், "2025-01-14 ஆயி மண்டபம் ஏ3 வி2" மாதிரி வருஷம் முதல்ல வர்றாப்ல வைங்க, தானா வரிசையா நிக்கும். ஃபைனல், புது ஃபைனல், கடைசி ஃபைனல் இதெல்லாம் வேணாம், வி1, வி2 (வெர்ஷன் 1, 2) போதும். ஃபோல்டர் வருஷத்துக்கு ஒண்ணு, அதுக்குள்ள ஆர்டர், பிரின்ட், சொந்தம்னு மூணு, அவ்வளவுதான், இதுக்கு மேல பிரிச்சா நாமளே தேடிட்டு இருப்போம்.

ரெண்டு இடத்துல காப்பி இருக்கு, திறந்தும் பாத்தாச்சுன்னா அப்புறம் பழைய படங்கள ஐபேட்ல இருந்து அழிச்சுடுங்க.

நீங்களா செஞ்ச பிரஷ், கலர் பேலட் இருந்தா அதையும் தனியா ஷேர் பண்ணி சேமிங்க, படத்தோட அது வராது. அக்காகிட்ட சொல்லுங்க, ஆண்ட்ராய்டுல நெறய ஆப் படங்கள தன்னோட சொந்த ஃபோல்டர்லயே வெச்சுக்கும், ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணா படமும் போயிடும், அதனால ஆப் மக்கர் பண்ணுதுன்னு அழிச்சுட்டு திரும்ப போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வெளிய எடுத்துடணும்.