பெண்டிகோவுக்கு வரப்போகும் தங்கச்சிக்கு

தங்கச்சி, முள்ளியவளையிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. கணவருக்கு 491 என்ற அவுஸ்திரேலியப் பிராந்திய விசா வந்திருக்கிறது, வேலை விக்ரோரியா மாநிலத்தின் பெண்டிகோவில், பிள்ளைகள் இருவர். கோயிலும் இல்லாமல், நம்முடைய ஆட்களும் கொஞ்சப்பேரே இருக்கிற ஊரில் எப்படிக் காலம் தள்ளுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே எல்லாச் சமயத்தவரும் ஒன்றாக விழா எடுக்கிறார்களாமே, போய்ப் பழகினால் பிள்ளைகள் நம்முடையதை விட்டுவிடுவார்களா என்றும் பயப்படுகிறீர்கள். பேசாமல் மெல்பேர்ணிலேயே இருந்துவிட்டால் என்ன என்பது கடைசிக் கேள்வி.

கடைசிக் கேள்வி சுலபமானது. அது முடியாது. 491 ஐந்து வருட விசா. பிராந்தியப் பகுதி என்று அறிவித்த இடத்தில்தான் இருக்கவும் வேலை செய்யவும் படிக்கவும் வேண்டும். மெல்பேர்ண் அதற்குள் வராது. மூன்று வருடம் அப்படி இருந்து மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த வருடங்களை எண்ணி எண்ணிக் கழிக்கிற நினைப்போடு வராதீர்கள். நான் மல்லாவிப் பக்கத்தவள், இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகும் மெல்பேர்ணுக்குப் போக மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பெண்டிகோ ஒரு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் வாழும் ஊர். மெல்பேர்ணிலிருந்து 150 கிலோமீற்றர், றெயினில் இரண்டு மணித்தியாலம். ஜாஜா வுரூங் என்ற ஆதிக்குடி மக்களின் நிலம் இது. எந்தக் கூட்டமானாலும் அவர்களை நினைவுகூர்ந்துதான் தொடங்குவார்கள்; அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். காணியும் காடும் பறிபோவது என்றால் என்ன என்று வன்னி ஆட்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

1851இல் இங்கே தங்கம் கண்டெடுத்தார்கள். அதைத் தேடிச் சீனரும் வந்தார்கள். அவர்களை வரவிடாமல் செய்ய 1855இல் விக்ரோரியா அரசு கப்பலில் வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் பத்துப் பவுண் வரி போட்டது. பலர் தென் அவுஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்து சேர்ந்தார்கள். 1871இல் இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் காசு சேர்க்க ஈஸ்டர் விழா ஒன்றைத் தொடங்கினார்கள். 1879இல் சீனர்களும் அதில் சேர்ந்தார்கள். வரி போட்டு ஒதுக்கிய ஊரின் ஆஸ்பத்திரிக்காகத் தங்கள் பட்டாடையும் மேளமும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இன்றைக்கும் உயிர்த்த ஞாயிறு வார இறுதியில் நூறு மீற்றருக்கு மேல் நீளமான சீன நாகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். 1970 முதல் சன் லூங் என்ற நாகம், 2019 முதல் டாய் கம் லூங். கிறிஸ்தவத் திருநாளில் சீன நாகம் வருவதை இந்த ஊரில் யாரும் புதினமாகப் பார்ப்பதில்லை. பிள்ளைகளை முதல் வருடமே கூட்டிக்கொண்டு போங்கள். வெடிச்சத்தம் பலமாக இருக்கும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெடி என்றதும் உடம்பு உதறுகிற ஆட்கள் நாங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு இங்கே சண்டையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2014இல் ஒரு பள்ளிவாசல் கட்ட நகரசபை அனுமதி கொடுத்தது. எதிர்த்தவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள், மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள், கடைசியில் நாட்டின் உயர் நீதிமன்றத்தையும் கேட்டார்கள். 2016இல் அங்கேயும் கதவு மூடியது. இடையில் 2015இல் வெளியூர் ஆட்களும் வந்து சேர்ந்து பள்ளிவாசல் வேண்டாம் என்று தெருவில் கத்தினார்கள். அப்போது ஊரவர்கள் 'பிலீவ் இன் பெண்டிகோ' என்று ஒன்றுகூடி மஞ்சள் நிறத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, இது எங்கள் ஊர், எல்லாருக்கும் இடம் உண்டு என்று சொன்னார்கள். 2019இல் கட்டட வேலை தொடங்கியது. இங்கே நீங்கள் பார்க்கப்போகும் சர்வசமயக் கூட்டங்களுக்கும் நோன்பு திறக்கும் அழைப்புகளுக்கும் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. அதனால்தான் அவை எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

நோன்பு திறக்க அழைத்தால் போங்கள் தங்கச்சி. அங்கே போகும்போது நம்முடைய ஊரையும் நினையுங்கள். முள்ளியவளைக்குப் பக்கத்தில் தண்ணீரூற்றும் நீராவிப்பிட்டியும் முஸ்லிம் சனங்கள் வாழ்ந்த இடங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வீடு, வயல், கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர்கள் புத்தளத்து முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். 1958, 1977 இனக்கலவரங்களில் அடிபட்டு வன்னிக்கு ஓடி வந்த மலையகத் தமிழரை நாம் எல்லாரும் ஒரே தட்டில் வைத்து நடத்தினோம் என்றும் சொல்ல முடியாது. கலந்து வாழ்வது எப்படி என்று வெள்ளைக்காரர்தான் நமக்குக் காட்ட வேண்டும் என்றில்லை. மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்குச் சைவச் சனமும் போய் மரத்தடியில் கூடாரம் போட்டுத் தங்கும். நம்மிடம் அதுவும் இருந்தது, அதை உடைத்ததும் இருந்தது. இரண்டும் தெரிந்த ஒருவர் இந்த மேசைகளில் வந்து இருப்பது நல்லது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

அப்புறம் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய விஷயம். கணவர் அந்த விகாரைப் பக்கமே கால் வைக்க மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது விகாரை இல்லை, தூபி. ஊருக்கு வெளியே மயர்ஸ் ஃபிளாற்றில், திபெத்தின் கியான்சே தூபியைப் பார்த்து அதே அளவில் கட்டியது, 48 மீற்றர் உயரம். அவருடைய கோபம் எனக்குப் புரியும். குருந்தூர்மலையில் நம்முடைய ஆட்கள் கும்பிடும் இடத்தில் விகாரை எழுப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர். 2019இல் நீராவியடிப் பிள்ளையார் கோயில் பக்கத்தில், நீதிமன்றக் கட்டளையையும் மீறிப் பிக்குவின் உடலை எரித்ததைப் பார்த்தவர். புத்தர் சிலை என்றால் பின்னால் இராணுவம் நிற்கும் என்பதுதான் நாங்கள் கண்டது. இந்தத் தூபி அப்படி வந்ததில்லை. ஒரு குடும்பம் தன் சொந்தக் காணியைக் கொடுத்தது, அதில் கட்டினார்கள். வேறு எவருடைய கோயிலையும் இடிக்கவில்லை. இது திபெத்தியர் மரபில் வந்தது; அவர்களும் நாடு இழந்தவர்கள். ஆனாலும் அவரை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் போவேன், என்னுடைய வீட்டுக்காரர் வருவதில்லை, அதனால் எங்கள் வீட்டில் சண்டையும் இல்லை. யாராவது ஏன் வரவில்லை என்று கேட்டால் நான் ஊரில் நடந்ததைச் சொல்வேன். கேட்டவர்கள் மனம் கோணியதில்லை. சிரித்துச் சமாளிப்பதைவிட அதைச் சொல்வது மேல்.

சிங்களச் சனமும் இங்கே இருக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டைச் சேர்ந்து கொண்டாடக் கூப்பிடுவார்கள். அழைப்பிதழில் தமிழும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் போடச் சொல்லிக் கேளுங்கள். போட்டால் பலகாரத்தோடு போங்கள்.

நீங்கள் அதிகம் பழகப் போவது கரேன் சனங்களோடு என்று நினைக்கிறேன். பர்மாவில் இராணுவம் விரட்டி, தாய்லாந்து எல்லை முகாம்களில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, 2007 தொடக்கம் இங்கே வந்தவர்கள். கிறிஸ்தவரும் இருக்கிறார்கள், பௌத்தரும் இருக்கிறார்கள். ஓகஸ்ட் மாதத்தில் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டும் சடங்கு ஒன்று செய்வார்கள். பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கட்டி, ஓடிப்போன உயிரை உடம்புக்குத் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிடுவது அது. முதல்தரம் அங்கே நின்றபோது எனக்குக் கண்கலங்கியது. கோயிலில் காப்புக் கட்டிய ஐயரின் கை ஞாபகத்துக்கு வந்தது. என்னோடு வேலை செய்யும் கரேன் பெண்ணுக்கு போர் முடிவில் நம்முடைய சனத்தை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமைப் பற்றி நான் சொன்னேன். தறப்பாள் கூடாரமா என்று கேட்டாள். ஓம் என்றேன். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோடை காலத்தில் அவர்கள் வீட்டுத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். பாகலும் மிளகாயும் அள்ளித் தருவார்கள். முருங்கை மட்டும் நட்டு ஆசைப்படாதீர்கள், இங்கத்தைப் பனிக்கு அது பட்டுப்போகும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். விக்ரோரியாவின் அரச பாடசாலைகளில் 2016 முதல் சமயப் போதனை வகுப்பு நேரத்தில் இல்லை. இருந்தாலும் மதிய இடைவேளையில் அல்லது பாடசாலைக்கு முன்பின், அதுவும் பெற்றோர் கையெழுத்து வைத்தால்தான். கத்தோலிக்கப் பாடசாலை கிட்ட இருக்கிறதென்று அங்கே சேர்த்தால் செபம் இருக்கும். வன்னியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்துத் திருநீறு பூசிக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனை பேர். நான் கண்டவரையில், வீட்டில் ஒன்றும் நடக்காத பிள்ளைதான் நழுவுகிறது. வெள்ளிக்கிழமை விளக்கு, இரண்டு தேவாரம், ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு அம்மா. இவை இருந்தால் பிள்ளை தேவாலயத்தில் கிறிஸ்மஸ் பாட்டுக்கு நிற்பதால் ஒன்றும் கரைந்துவிடாது. சொல்லப்போனால், மற்றப் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்காகவே நம்முடைய பிள்ளைகள் நம்மிடம் கேட்டுப் படிக்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் கதையை என்னுடைய மகள் அப்படித்தான் படித்தாள். சிலாவத்தைக் கடலில் தண்ணீர் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கெரிவதை வகுப்பில் சொல்லிவிட்டு வந்து, அம்மா, ஒருவரும் நம்பவில்லை என்று அழுதாள். அடுத்த தடவை நான் போய்ச் சொன்னேன். தமிழும் போய்விடாது; பன்னிரண்டாம் வகுப்பு விசிஈ பரீட்சையில் தமிழ் ஒரு பாடம், அதை இலக்காக வையுங்கள்.

கோயிலுக்கு வழி இருக்கிறது. பெண்டிகோ றெயின் சன்ஷைனில் நிற்கும், மெல்பேர்ண் முருகன் கோயில் சன்ஷைன் நோர்த்தில். அங்கே இறங்கிக் கொஞ்சத் தூரம்தான்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. விருந்தாளியாக மட்டும் போய்க்கொண்டிராதீர்கள், நீங்களும் கூப்பிடுங்கள். தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பானை வைத்து அக்கம்பக்கத்தைக் கூப்பிடலாம். ஆனால் தை மாதம் இங்கே கடும் கோடை. தீத்தடை நாள் என்று அறிவித்தால் வெளியில் விறகு மூட்டுவது சட்டப்படி குற்றம். காட்டுத்தீயில் வீடும் உயிரும் இழந்த சனம், பகிடியாக எடுக்க மாட்டார்கள். முதல்நாளே பார்த்துவிட்டு உள்ளே அடுப்பில் பொங்குங்கள். மண்டபம் எடுத்தால் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் முன்கூட்டியே கேளுங்கள்; புகைமணி அடித்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். விற்பதானால் நகரசபையில் பதிய வேண்டும்.

முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18க்குக் கஞ்சி காய்ச்சுவோம். அதற்கும் மற்றவர்களைக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறோம். அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் ஏன் என்று கேட்பார்கள். சொல்வோம். பள்ளிவாசலிலிருந்து வருகிறார்கள், கரேன் ஆட்கள் வருகிறார்கள், முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண்கள் வருகிறார்கள். மெல்பேர்ணில் இருந்திருந்தால் நாங்கள் நமக்குள்ளேயே கூடிக் குடித்துவிட்டுப் போயிருப்போம். இங்கே பக்கத்தில் இருந்து குடிக்கிறவருக்கும் அது என்னவென்று தெரியும். நான் இந்த ஊரை விடாததற்குக் காரணம் இதுதான்.

எல்லாரும் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் உங்களைப் பார்த்து ஒருவன் கத்தக்கூடும், எனக்கும் நடந்தது. அன்று பக்கத்துச் சீற்றில் இருந்த கிழவி எழும்பி என் பக்கத்தில் வந்து இருந்தா. அப்படி நடந்தால் எனக்கு ரெலிபோன் எடுங்கள், சேர்ந்து போய் முறைப்பாடு செய்வோம்.

வரும்போது விதை, செடி, மரச்சாமான் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் கட்டாயம் அட்டையில் எழுதிக் காட்டுங்கள், மறைத்தால் தண்டம். பொங்கல் பானை கட்டிக்கொண்டு வரத் தேவையில்லை, என்னிடம் இரண்டு இருக்கிறது. வரும் திகதியை மட்டும் எழுதிப் போடுங்கள், ஸ்ரேஷனுக்கு வருகிறேன்.