இணைப்புகள் சீக்கிரம் முதிர்ந்தால் நல்லதுதானே, டாக்டர்?

கேள்வி: மகளுக்கு நான்கு வயது. ஓரிரு சொற்கள்தான் பேசுகிறாள். சாப்பிடும்போது இமைகள் படபடக்கின்றன, தலை லேசாகச் சாய்கிறது. மரபணுப் பரிசோதனையில் 'சின்கேப் 1' என்ற மரபணுவில் பிறழ்வு என்று வந்திருக்கிறது. மூளை செல்களின் இணைப்புகள் சீக்கிரம் முதிர்ந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அது நல்லதுதானே? எங்கள் இருவருக்கும் அந்தப் பிறழ்வு இல்லை, அப்புறம் இவளுக்கு எப்படி வந்தது? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: கேள்வி நியாயமானதுதான், ஆனால் மூளை வளர்ச்சியில் அவசரம் கெடுதல். இரண்டு நரம்பு செல்கள் சேதி பரிமாறும் இடமான சினாப்ஸ் எலிக்குச் சில வாரங்களில் முதிர்ந்துவிடும். மனித மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் அது வருஷக்கணக்கில் நடக்கிறது. குழந்தை பார்த்தும் கேட்டும் தொட்டும் பழகப் பழக, எந்த இணைப்பு நிலைக்க வேண்டும், எது போக வேண்டும் என்பது அந்த நீண்ட காலத்தில்தான் முடிவாகிறது. பூசிய சிமெண்ட் ஈரமாக இருக்கும்வரைதானே கரண்டியால் சமன் செய்ய முடியும்?

சினாப்ஸ் வலுப்பெற 'ராஸ்' என்ற புரதம் தூண்டுகிறது, அதை அடக்கி வைப்பது சின்கேப் 1 மரபணு உருவாக்கும் சின்கேப் புரதம். இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் சின்கேப் புரதம் ஏறக்குறைய பாதியாகிவிடும், பிடி தளர்ந்து இணைப்புகள் பக்குவப்படும் முன்பே இறுகிவிடும். எலிகளில் இது 2012-இலேயே தெரிந்தது. 2024-இல் பெல்ஜியத்தில், இந்தப் பிறழ்வுள்ள மனித நரம்பு செல்களை எலியின் மூளைக்குள் வளரவிட்டுப் பார்த்தார்கள். அவை வழக்கத்தைவிட முன்னதாகவே முதிர்ந்து, கண் பார்க்கும் காட்சிகளுக்கும் முன்னதாகவே பதில் கொடுக்கத் தொடங்கின. எல்லாப் பிறழ்வும் இப்படி வேகப்படுத்தாது, 'ஷேங்க் 3' என்ற இன்னொரு மரபணு பழுதானால் இணைப்புகள் பலவீனமாகத்தான் இருக்கும். அதனால் இணையத்தில் வேறு மரபணுவைப் பற்றிப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம்.

எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக ஏற்படும் மாற்றம் இது. நீங்கள் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்ததல்ல, தயவுசெய்து ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். பெற்றோரின் இனப்பெருக்க செல்கள் சிலவற்றில் மட்டும் பிறழ்வு ஒளிந்திருக்கலாம் என்பதால் பூஜ்யம் என்று சொல்வதில்லை. மரபணு ஆலோசகரைப் பார்த்தால் கர்ப்ப காலப் பரிசோதனை பற்றி விளக்குவார்.

சரி, இப்போது அவசரமான விஷயம். அந்த இமைப் படபடப்பு வலிப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, சாப்பிடும்போது தூண்டப்படும் வலிப்பு இந்தக் குழந்தைகளிடம் நன்றாகவே அறியப்பட்ட ஒன்று. அடுத்த முறை நடக்கும்போது முகம் தெரிய செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி பரிசோதனையை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கார்பமசெபின் போன்ற சில வலிப்பு மருந்துகளே இவ்வகை வலிப்பைக் கூட்டிவிடக்கூடும், ஆகவே யாரோ சொன்னார்கள் என்று மாத்திரை கொடுக்க வேண்டாம். மரபணுவையே சரிசெய்யும் சிகிச்சைகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன. அதற்காகக் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள், சொல் வராவிட்டாலும் படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்கலாம். வலிப்பு ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் உடனே அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.