ஆல்ட்டோவில் நிற்பவர்

அன்புள்ள தம்பிக்கு,

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டுக் கேட்டே பாட வந்தது; அந்தப் பைத்தியம் இன்னும் விடவில்லை. வாராவாரம் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுன் போய், சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் இருக்கிற ஒரு பாடகர் குழுவில் பாடுகிறேன். இத்தனை வருஷம் சொப்ரானோ, அதாவது பெண்களின் மேல்குரல் வரிசை. இப்போது மேல்ஸ்தாயி எட்டவில்லை என்று அதற்குக் கீழே உள்ள ஆல்ட்டோ வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். மெட்டெல்லாம் சொப்ரானோவில், எனக்குச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. கர்நாடக சங்கீதம் படித்த என் சம்பந்தியம்மா, "கமகம் இல்லாமல், சுரத்தை அசைக்காமல் நிற்பதெல்லாம் ஒரு பாட்டா?" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புள்ள அக்கா,

சம்பந்தியம்மாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை அசைக்காமல் நிறுத்தினால் அது தோடியே இல்லை. அதில் ஊறிய காதுக்கு நேராக நிற்கும் சுரம் மொட்டையாகத்தான் கேட்கும். ஆனால் நாலு குரல் ஒரே நேரத்தில் நாலு சுரத்தில் ஒலிக்கும்போது ஒருவர் அசைத்தாலும் எல்லாம் கலங்கிவிடும். அங்கே நிற்பதுதான் வித்தை.

கூட்டமாகப் பாடுவது நமக்குப் புதிதில்லை. தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பஜனையும் அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே மெட்டு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டே கரையேறிவிடலாம். ஆல்ட்டோவில் அது நடக்காது. சொப்ரானோவின் மெட்டு உங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கவும் வேண்டும், அதன் பின்னால் போய்விடவும் கூடாது. சொப்ரானோவில் இந்தத் தொல்லை குறைவு. கொஞ்சம் சொகுசான வரிசை அது, அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

இது நம் பாட்டுக்கு ஒத்துவராது என்று சொன்னால், எம்.பி.சீனிவாசன் பெயரைச் சொல்லுங்கள். சினிமாவுக்கு இசையமைத்தவர், சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிப் பாரதியார் பாடல்களைப் பாடவைத்தவர்.

குரல் இறங்கியதற்கு வருத்தப்படாதீர்கள். மாதவிடாய் நின்றபின் பல பெண்களுக்குக் குரல்நாண் தடித்துச் சுருதி இறங்குவது இயல்பு. மூச்சும் முன்போல நிற்காது. அதற்குக் குழுவில் ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். நீண்ட வரியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் பாடிக்கொண்டிருக்கும்போதே, சொல்லின் நடுவில் உயிரெழுத்து நீளும் இடத்தில் ஓசைப்படாமல் விலகி, மூச்செடுத்து, சன்னமாகத் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். கேட்பவருக்கு வரி அறுபடாது. தனியாகப் பாடும் வித்வானுக்கு இந்த வசதி ஏது?

அப்புறம், அடுத்த நிகழ்ச்சிக்குச் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நட்டநடுவில் உட்காரவைக்க வேண்டாம். ஆல்ட்டோக்கள் நிற்கும் பக்கமாக இடம் பிடித்துக் கொடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.