வாசகர் கேள்வி: மட்கும் பிளாஸ்டிக்குக்குக் கல் இழை வலுவூட்டுமா?

கேள்வி: பல்லடத்தில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். நூற்பாலைகளுக்கான கோன்களைப் பி.எல்.ஏ. என்ற மட்கும் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பார்த்தேன். நூல் சுற்றியதும் சில உள்வாங்குகின்றன. நீராவி அறைக்குப் போய் வந்தவை கோணிவிடுகின்றன. பசால்ட் என்ற பாறையை உருக்கி எடுக்கும் இழையைக் கலந்தால் சரியாகுமா? அதை நம் ஊர்க் கருங்கல்லிலிருந்தே எடுக்கலாமா? கலந்த பின்னும் மட்கும் பொருள் என்று விற்கலாமா?

பதில்: தாங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. உள்வாங்குவது விறைப்புக் குறைவால் வருவது. அதைப் பசால்ட் இழை நன்றாகவே தீர்க்கும். பி.எல்.ஏ.யின் விறைப்பு ஏறத்தாழ 3.5 கிகாபாஸ்கல், பசால்ட் இழையினுடையதோ 85 முதல் 90 வரை என்பதால், எடையில் 20 முதல் 30 விழுக்காடு நறுக்கிய இழையைச் சேர்த்தால் வார்த்த பொருளின் விறைப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் வாங்கும்போது இழையின் மேற்பூச்சைக் கேட்டு வாங்குங்கள். கான்கிரீட்டுக்கென விற்கப்படும் இழையும், பிசினுக்கென (அதாவது பி.எல்.ஏ. போன்ற பிளாஸ்டிக்குக்கென) சிலேன் என்ற ஒட்டவைக்கும் வேதிப்பொருள் பூசிய இழையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். சிலேன் பூசியதுதான் பி.எல்.ஏ.யை இறுகப் பற்றும்.

கோணுவது வெப்பத்தால். பி.எல்.ஏ. 55 முதல் 60 டிகிரி செல்சியசிலேயே இளகத் தொடங்கும். இழையைச் சேர்ப்பதால் அந்த எல்லை நகராது. படிகமாவதைத் தூண்டும் பொருளைச் சேர்த்து, அச்சைச் சுமார் 100 டிகிரியில் வைத்து வார்த்தால் பிசின் படிகமாகும். அந்த நிலையில் இழையும் கூட இருந்தால்தான் கோன் நீராவியைத் தாங்கும். வார்க்கும் நேரம் கூடும், சுருக்கமும் மாறும். ஆகவே பழைய அச்சின் அளவுகளை அப்படியே நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் குருணையை நன்கு உலர்த்தாமல் வார்த்தால் ஈரம் பி.எல்.ஏ.யின் சங்கிலிகளையே அறுத்துவிடும் என்பதையும், இழை கலந்த குருணை ஸ்க்ரூவையும் பேரலையும் விரைவில் தேய்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நம் கருங்கல்லைப் பற்றிய கேள்வி இயல்பானதே. ஆனால் காங்கேயத்திலும் கரூரிலும் நாம் உடைக்கும் கல் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைகள். பசால்ட் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை; நம் நாட்டில் அது பரந்து கிடப்பது மகாராஷ்டிரத்தை மையமாகக் கொண்ட தக்காணப் பீடபூமியில். பசால்டில் சிலிக்கா 50 விழுக்காட்டை ஒட்டியிருப்பதால் 1,450 டிகிரி அளவில் உருகி, பிளாட்டினம்-ரோடியம் துளைகள் வழியே இழையாக ஓடும். சிலிக்கா 70 விழுக்காடு உள்ள கிரானைட்டின் குழம்போ பாகுபோல் கெட்டியாக நிற்கும். அதிலிருந்து இழை இழுப்பது தொழிலுக்கு ஒத்துவராது.

மட்குவதைப் பொறுத்தவரை, பிசின் மட்கும், கல் கல்லாகவே இருக்கும். பிசினுக்கும் 58 டிகிரியை ஒட்டிய ஆலை உரக்கூடம் வேண்டும். தோட்டத்துக் குப்பைக்குழியில் அது பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். பிசின் விற்றவர் தந்த சான்றிதழ் தங்கள் கலவைக்குச் செல்லாது. கலவையையே மட்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரப்படி சோதித்த பின்னரே ‘மட்கும்’ என்ற சொல்லை அட்டையில் அச்சிடுங்கள். வாங்குபவர் அதை நம்பித்தானே கூடுதல் விலை தருகிறார்.

கேள்வி: கல் எதற்கு, எங்கள் பொள்ளாச்சித் தென்னை நாரே போதாதா?

பதில்: முழுதும் மட்க வேண்டிய நாற்றுத் தொட்டி போன்றவற்றுக்குத் தென்னை நாரே மேல், அங்கே கல் இழையைச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் நார் ஈரத்தை உறிஞ்சும், பிசினோடு எளிதில் ஒட்டாது, விறைப்பும் 4 முதல் 6 கிகாபாஸ்கல்தான். காரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி உலர்த்தினால் ஒட்டுதல் கூடும். ஆலைக்குள் திரும்பத் திரும்பச் சுழலும் கோனுக்கு அந்த விறைப்புப் போதாது.