ஸ்கேனர் ‘ஆப்சென்ட்’ போட்டால் சீட் மாட்யூலை மாற்ற வேண்டுமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். டிரைவர் சீட் ஒரு நாள் பட்டனுக்கு நகர்கிறது, மறுநாள் அசைய மாட்டேன் என்கிறது. மெமரி பட்டனும் அப்படித்தான். திருநகரில் கிளம்பும்போது செத்துக் கிடந்த சீட், பழங்காநத்தம் போவதற்குள் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் வேலை செய்தது. ஸ்கேனரில் யு0208 என்ற பழுதுக் குறியீடு வந்தது. சீட்டை இயக்கும் மின்னணுப் பெட்டியான மாட்யூல் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பாதி விடையை அந்த ஸ்பீட் பிரேக்கரே சொல்லிவிட்டது. குலுக்கினால் பிழைக்கிற சீட் என்றால் முதல் சந்தேகம் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) மேலும் எர்த் மேலும்தான். உள்ளே சால்டர் விட்டுப்போன போர்டும் இப்படிச் செய்யும், ஆனால் அது வரிசையில் கடைசி.

யு என்று தொடங்கும் குறியீடுகள், காரில் உள்ள மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் வரும் பழுதுகள். யு0208 என்றால் சீட் மாட்யூலிடமிருந்து தகவல் வரவில்லை என்று அர்த்தம். அதைப் பதிவு செய்தது சீட் மாட்யூல் அல்ல, வேறொரு மாட்யூல். பள்ளியில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ வரவில்லையென்றால் வாத்தியார் ஆப்சென்ட் போடுவார். பையனுக்குக் காய்ச்சலா, பஸ் வரவில்லையா என்பது பதிவேட்டில் இருக்காது.

அதனால் சீட் ஒன்றை மட்டும் பார்க்காமல் கார் முழுவதையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இன்னும் நாலைந்து மாட்யூல் சேர்ந்து காணாமல் போயிருந்தால் பழுது எல்லா மாட்யூல்களும் பேசிக்கொள்ளும் பொது லைனில். சீட் மட்டும் என்றால் சீட்டுக்கு வரும் கிளையில். சீட் வேலை செய்கிற நாளில் அந்த மாட்யூலுக்குள்ளேயே போய்ப் பாருங்கள். வோல்டேஜ் குறைந்ததாக அங்கே ஒரு பழுதுக் குறியீடு இருந்தால் வழி தெளிவாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய துப்பு, பட்டனுக்கும் சீட் அசையவில்லை என்பது. பல கார்களில் சீட் பக்கத்துப் பட்டனின் வயர் நேராகச் சீட் மாட்யூலுக்குப் போகும். அவற்றில் தகவல் லைன் அறுந்தாலும் பட்டன் வேலை செய்யும், மெமரி மட்டும்தான் போகும். இரண்டும் சேர்ந்து போனால் மாட்யூலுக்குக் கரண்டோ எர்த்தோ சரியாக வரவில்லை என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். பட்டனே லைனில் பேசுகிற மாடல்களும் உண்டு, வயரிங் வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எர்த்தைச் சும்மா மல்டிமீட்டரின் ‘பீப்’ சத்தத்தை வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் பீப் அடிக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மாட்யூலின் எர்த் பின்னிலும் வைத்து, ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்க்க வேண்டியதுதான். பாசிட்டிவ் பக்கத்துக்கு 21 வாட் பல்பை மாட்டிப் பாருங்கள். மீட்டரில் 12 வோல்ட் காட்டும் வயர் பல்பில் மங்கினால் ஆள் மாட்டிக்கொண்டான்.

அடுத்தது சீட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளர். சீட் முன்னும் பின்னும் போகும்போது வயர்க்கட்டு இழுபடும். வாட்டர் வாஷில் இறங்கிய தண்ணீர், ஏசி டியூப் அடைத்துத் தரைவிரிப்புக்குள் தேங்கிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மேலூரிலிருந்து என்னிடம் வந்த ஒரு வண்டியில் கப்ளரைப் பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு, அதன்மேல் பழுப்பாக ஒரு பிசுபிசுப்பு. மோந்து பார்த்தேன், நன்னாரி வாசம். குழந்தை ஜிகர்தண்டாவைக் கொட்டி எத்தனை மாதம் ஆனதோ! சுத்தம் செய்து, தளர்ந்த இரண்டு பின்களை மாற்றியதோடு வேலை முடிந்தது.

கை வைக்குமுன் ஒன்று. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் சம்பந்தப்பட்டது. அதில் மீட்டரை வைக்கவே கூடாது. சீட்டை எடுக்க வேண்டியிருந்தால் இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கார் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். மஞ்சள் கப்ளர் கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கி, அதற்கு வேறு ஸ்கேனரைத் தேட வேண்டும். பெரும்பாலும் போல்ட்டைக் கழற்றிச் சீட்டைச் சாய்த்தாலே கை போகும்.

கரண்டும் எர்த்தும் நன்றாக இருந்தால்தான் தகவல் லைன். ஒற்றை வயராக வந்தால் அது லின் (LIN) என்ற வகை லைன். சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டை ஒட்டி இருக்கும், பேச்சு நடந்தால் மீட்டர் எண் கீழிறங்கி ஆடும். பூஜ்யத்திலேயே நின்றால் எங்கோ பாடியைத் தொடுகிறது. இரண்டு முறுக்கிய வயர் என்றால் கேன் (CAN) என்ற வகை. அதிவேகக் கேனில் பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பழைய கார்களின் மெதுவான பாடி லைனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மெமரி பட்டன் கதவில் இருந்தால் கீல் பக்கத்து ரப்பர் குழாயையும் உருவிப் பாருங்கள். மேல் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மாட்யூலை மாற்றலாம். பழைய வண்டியில் எடுத்த மாட்யூல் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அதை உங்கள் காருக்குக் கோடிங் செய்து (காருக்கேற்ப மென்பொருளை அமைத்து) தர ஆள் இருக்கிறாரா என்பதை முன்பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.