படலைக்கு வெளியே

கேள்வி: எங்கள் சபையில் ஒரு விதவைச் சகோதரி நுண்கடன் எடுத்துவிட்டுக் கட்ட முடியாமல் நிற்கிறார். குழுவில் உள்ள மற்றப் பெண்கள் அவருக்காகக் கட்டிக் களைத்துப்போனார்கள். "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்று சங்கீதம் 37:21 சொல்கிறதே. பெண்கள் ஐக்கியப் பொறுப்பிலிருந்து அவரை நிறுத்தி வைப்பது சரிதானே?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: சரியில்லை. நீங்கள் காட்டிய வசனத்தை முடியும்வரை வாசியுங்கள்: "நீதிமானோ இரங்கிக்கொடுக்கிறான்." முதற்பாதியை அந்தச் சகோதரிக்கு எடுத்துக் கொடுத்த நீங்கள், சபைக்குரிய பாதியைக் கேள்வியில் எழுதவே இல்லை.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் நியாயப்பிரமாணம் அதிகமாகக் கட்டிப்போடுவது கடன் கொடுத்தவனின் கையைத்தான். யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்காதீர்கள் என்று 22ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மீறினால் உங்கள் மனைவிகளே விதவைகளாவார்கள் என்று 24ஆம் வசனம் எச்சரிக்கிறது. உடனே 25ஆம் வசனம், ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி சுமத்தாதே என்கிறது. விதவையின் கண்ணீரையும் வட்டியையும் இப்படி அடுத்தடுத்து வைத்திருப்பதை நாம் கவனிக்காமல் கடந்துபோகிறோம்.

உபாகமம் 24 இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. விதவையின் உடுப்பை அடகாக வாங்காதே. திரிகைக் கல்லை வாங்காதே, அது உயிரையே அடகு வாங்குவதுபோல. அடகு வாங்கப் போனால் கடன்காரரின் வீட்டுக்குள் நுழையாதே, "வெளியே நிற்பாயாக". நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், படலைக்கு வெளியே நில். கையில் ஒன்றும் இல்லாதவருக்கும் வீட்டு வாசல் அவருடையது என்று அந்தச் சட்டம் ஒத்துக்கொள்கிறது.

வன்னியில் என்ன நடந்தது? மீள்குடியேறி வந்தபோது பல பெண்களிடம் வெறுங்காணிதான் இருந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபாய் கிடைத்தவர்களிலும் பலருக்கு அது கூரைவரை போதவில்லை. அந்த நேரத்தில்தான் ஏ9 வீதியால் கடன் நிறுவனங்கள் வந்து சேர்ந்தன. அயலவர்கள் சிலரைக் குழுவாகச் சேர்த்து, ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அதனால் நிறுவனம் நெருக்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரி நெருக்குகிறாள். தவணை தவறிய வீட்டின் முற்றத்தில், பொழுதுபட்ட பிறகும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, காசு வரும்வரை எழும்பாமல் இருந்தவர்களைப் பற்றி இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்கள் கொஞ்சமல்ல. ஆம்பிளை இல்லாத வீடு என்று தெரிந்துதான் இருந்தார்கள். தவணை தவறிய ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு, வறட்சி பாதித்த மாவட்டங்களில், 2018இல் அரசாங்கமே நிவாரணம் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தனை பேரும் துன்மார்க்கரா?

இன்னொன்று. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகும் காணாமல்போன கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் போராடியவர்கள், தங்களை விதவை என்று எழுத மறுக்கிறார்கள். அதை மதியுங்கள். உபாகமம் விதவை, திக்கற்ற பிள்ளை, பரதேசி மூவரையும் ஒன்றாகவே சொல்கிறது. பக்கத்தில் நின்று பேச ஆளில்லாத எவரும் அதற்குள் வருவார். உதவுவதற்கு மரணச் சான்றிதழைக் கேட்காதீர்கள்.

2 இராஜாக்கள் 4இல் கடன்பட்ட விதவை ஒருத்தி வருகிறாள். புருஷன் தேவனுக்குப் பயந்தவன், தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்துவிட்டான். ஏன் கடன் எடுத்தாய் என்று தீர்க்கதரிசி எலிசா கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அப்புறம், அயலவர்களிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கிவரச் சொன்னார். இதை நான் எத்தனை தடவை வாசித்தாலும் அந்தப் பாத்திரங்களிலேயே நிற்பேன். அயலவர் இல்லையென்று படலையைச் சாத்தியிருந்தால் எண்ணெயை எதில் வார்ப்பது? கடைசியில் அவள் எண்ணெயை விற்றுக் கடனையும் தீர்த்தாள், மிச்சத்தில் பிள்ளைகளோடு பிழைத்தாள்.

விதவையின் இரண்டு காசைப் பற்றிக் காணிக்கை நேரத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அதற்குச் சற்று முன், மாற்கு 12:40இல், விதவைகளின் வீடுகளைப் பட்சித்துக்கொண்டு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அதைப் பிரசங்கிப்பவர்கள் குறைவு. எருசலேம் சபையில் தங்கள் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர் எவரையும் பொறுப்பிலிருந்து நிறுத்தவில்லை. அந்த வேலைக்கென்று ஏழு பேரை நியமித்தார்கள்.

உங்கள் சபையில் இரண்டு பேரையாவது நியமியுங்கள். அந்தச் சகோதரியின் கடன் புத்தகத்தை அவரோடு இருந்து வாசித்து, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்டியதையும் கணக்கில் சேருங்கள், அவர்களும் உங்கள் பொறுப்புத்தான். ஊரில் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இயங்கினால், குறைந்த வட்டிக்கு மாற்ற வழியுண்டா என்று போய்க் கேளுங்கள். அடுத்த தவணை நாளில் அந்த இருவரும் அவருடைய விறாந்தையில் இருக்கட்டும். வருகிறவரோடு படலையடியில் வைத்தே அவர்கள் பேசட்டும்.