தேய்ப்பதும் மருந்துதான்: வலிக் களிம்புகள் குறித்துக் கடலோர வாசகர்களின் கேள்விகள்

இராமநாதபுரம் கடலோரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல, தோள், இடுப்பு, முழங்கால் வலிக்குத் தடவும் ஜெல், களிம்பு, தைலம் ஆகியவற்றைப் பற்றியவை. மருத்துவர் சீட்டு இல்லாமலே பலர் வாங்கிவிடுவதால் இவற்றுக்குப் பக்க விளைவே இராது என்று எண்ணுகிறார்கள். அது சரியன்று.

விசைப்படகில் வலை இழுப்பதால் தோள் வலிக்கிறது. கடலுக்குப் போகுமுன் கெட்டோபுரோஃபென் ஜெல் தடவுகிறேன். தடவிய இடம் சிவந்து, கொப்புளித்து எரிகிறது. ஏன்? (தங்கச்சிமடம்)

மருந்தும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கிய ஒவ்வாமையாக இது இருக்க வாய்ப்பு மிகுதி. கெட்டோபுரோஃபென் தோலில் தங்கியிருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால், அம்மருந்து வேதி மாற்றம் அடைந்து, உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குகிறது. சிவப்பும் அரிப்பும் கொப்புளமும் அதன் விளைவு. சில சமயம் தடவாத இடத்துக்கும் அது பரவும். தடவுவதை நிறுத்திய பிறகும் மருந்து தோலில் சில நாள் தங்குவதால், பயன்படுத்தும் காலம் முழுவதும், அதற்குப் பின் 2 வாரமும் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. மேகமூட்டமான நாளுக்கும் இது பொருந்தும். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் மேலே விழுவதால், கடல் தொழிலாளருக்கு இந்த மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆக்டோகிரைலீன் கலந்த வெயில் காப்புக் களிம்பைப் பூசித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்கும் சேர்த்தே ஒவ்வாமை வரக்கூடும். இப்போது ஜெல்லை நிறுத்தி, தோளை முழுக்கைச் சட்டையால் மூடி, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இனி டைக்ளோஃபெனாக் ஜெல் தடவ நேர்ந்தால், கரை திரும்பிக் குளித்து, தோல் உலர்ந்த பிறகு தடவுங்கள்.

பாசி எடுக்கும்போது பாறை பட்டுக் கால் விரல்களில் எப்போதும் கீறல் இருக்கும். முழங்காலுக்குத் தடவும் ஜெல்லை அங்கும் தடவலாமா? எவ்வளவு தடவ வேண்டும்? (சின்னப்பாலம்)

கீறலிலும் புண்ணிலும் தடவக் கூடாது. தோல் கிழிந்த இடத்தில் மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும், எரிச்சலும் கடுமையாகும். கீறலை நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவுவதே முதல் வேலை. டைக்ளோஃபெனாக் 1 விழுக்காடு ஜெல் என்றால் முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், கை மூட்டுக்கு 2 கிராம், நாளொன்றுக்கு 4 வேளை என்பது உச்ச அளவு. இரண்டு முழங்காலுக்கும் அப்படித் தடவினால் 30 கிராம் குழாய் ஒரே நாளில் தீர்ந்துவிடும். பெரும்பாலோருக்கு அவ்வளவு தேவைப்படாது. தடவிய இடத்தை ஒரு மணி நேரமாவது நனைக்காதீர்கள். ஒரு முழங்காலுக்கு மட்டும் இந்த அளவில் தடவினால் இரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு, ஏறத்தாழ 6 விழுக்காடுதான். ஆயினும் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்பிரினால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்களும், வலி மாத்திரையும் சேர்த்து விழுங்குகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது. கருவுற்றிருப்பவர்களும் அப்படியே.

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியபின் வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) தருகிறார்கள். முதுகுவலிக்கு அவர் தினமும் தைலம் தேய்க்கிறார். தொடரலாமா? (கீழக்கரை)

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் வார்ஃபரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நம் வீடுகளில் இருக்கும் வலித் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் உண்டு. அது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. அகலமான இடத்தில் நாள்தோறும் தேய்த்தால் தோல் வழியே உள்ளே சென்று, வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, இரத்தக் கசிவை உண்டாக்கும். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை உடனே செய்யுங்கள். ஈறில் இரத்தம், காரணமில்லாத கன்றல், கருத்த மலம் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தைலம் தேய்த்து, மேலே உப்பு ஒத்தடம் கொடுக்கலாமா? (வாலிநோக்கம்)

கூடாது. சூடு மருந்தை வேகமாக உள்ளிழுக்கச் செய்யும். மென்தால், மெத்தில் சாலிசிலேட் கலந்த மருந்துகளால் ஒத்தடம் இல்லாமலே தீக்காயம் போன்ற புண் சிலருக்கு வந்திருக்கிறது. இறுக்கமான கட்டும் வேண்டாம். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது என்பதால் அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சளி பிடித்த ஒன்பது மாதக் குழந்தையின் மூக்கில் கற்பூரத் தைலம் தடவலாமா? (தேவிபட்டினம்)

தடவவே கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரமும் மென்தாலும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். மெத்தில் சாலிசிலேட் நிறைந்த விண்டர்கிரீன் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எத்தனை நாள் தடவிப் பார்க்கலாம்? (தொண்டி)

சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் ஒரு வாரத்தில் குறைவு தெரிய வேண்டும். இரண்டு வாரத்தில் தீராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இடது தோளில் வலியோடு நெஞ்சு இறுக்கமோ, வியர்வையோ, மூச்சு வாங்குவதோ இருந்தால் எதையும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள்.